இரும்புக்கு எதற்குத் தல புராணம்?

வீட்டிலேயே ஒரு வால்வு கிடார் ஆம்ப்ளிஃபையர் செய்து பார்க்கலாம் என்று யாராவது வாயைத் திறந்தால், அனுபவஸ்தர்களிடமிருந்து வரும் முதல் அறிவுரை எப்போதும் ஒன்றுதான்: “எதுல வேணா கஞ்சத்தனம் பண்ணு, டிரான்ஸ்ஃபார்மர்ல மட்டும் பண்ணாத.” இதோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் இதற்கு அடுத்து வரும் வாக்கியத்தோடுதான். அதில் ஒரு பெயர் இருக்கும். ஐம்பதுகளில் ஃபெண்டருக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுத்த கம்பெனியின் பெயர், இல்லையென்றால் அந்தப் பழைய சுருளை அடுக்கடுக்காகப் பிரித்து எண்ணி அப்படியே நகலெடுத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இன்றைய கம்பெனி ஒன்றின் பெயர். எத்தனை வோல்ட், எத்தனை மில்லி ஆம்பியர், எத்தனை ஹென்றி என்ற பேச்சே வராது. பெயர் வந்ததும் உரையாடல் முடிந்துவிடும். கோயிலுக்குப் போகிறவர் தல புராணம் கேட்கலாம், தப்பில்லை. இரும்புத் தகட்டில் செப்புக் கம்பி சுற்றிய ஒரு பொருளை வாங்கப் போகிறவர் அதைக் கேட்டுத் திருப்தியடைந்து வருவதுதான் எனக்குப் புரியாதது.

கிடார் பக்கம் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வு ஏறக்குறைய எல்லா வீடுகளிலிருந்தும் வெளியேறிவிட்டது. எலெக்ட்ரிக் கிடார்காரர்கள் மட்டும் அதை விடவில்லை. வால்வை அதன் சக்திக்கு மீறி விரட்டும்போது ஒலி ஒருவிதமாகக் கசிந்து, உடைந்து, தடித்து வரும். அந்த உடைசலைக் கேட்டுத்தான் ராக் இசையே வளர்ந்தது. அவர்களுக்கு ஆம்ப் என்பது ஒலியைப் பெரிதாக்கும் பெட்டி மட்டும் இல்லை, வாத்தியத்தின் மறுபாதி. வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது ஃபெண்டர் கம்பெனி 1955 முதல் 1960 வரை தயாரித்த 5ஈ3 டீலக்ஸ் சர்க்யூட்டை. நீல் யங் பல பத்தாண்டுகளாக விடாமல் வைத்திருப்பது 1959ஆம் வருடத்து டீலக்ஸ் ஒன்றைத்தான். உள்ளே ஒரு 12ஏஒய்7, ஒரு 12ஏஎக்ஸ்7, வெளியீட்டுக்கு இரண்டு 6வி6, ஏசியை டிசியாக்க ஒரு 5ஒய்3. பத்திருபது ரெசிஸ்டர், அதே அளவு கெபாசிட்டர். மொத்த சர்க்யூட்டும் ஒரு ஏ4 தாளில் அடங்கிவிடும்.

மிச்சம் இருப்பவை இரண்டு இரும்புக் கட்டிகள். வீட்டு மின்சாரத்தை வாங்கி வால்வுகளுக்கு வேண்டியபடி மாற்றிக் கொடுப்பது பவர் டிரான்ஸ்ஃபார்மர். வால்வுகளையும் ஸ்பீக்கரையும் ஒன்றோடொன்று பேச வைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். பக்தி முழுவதும் இரண்டாவதற்கு. முதலாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறு: முதலில் கவலைப்பட வேண்டியது பவர் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு வேண்டியவை நாலைந்து எண்கள். அவற்றைத் தாளில் எழுதிக் கொடுக்கத் தெரிந்தால் பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதத் தெரியாவிட்டால் எந்தப் பெயராலும் பிரயோஜனம் இல்லை.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே தொடங்குகிறேன், புராணம் அங்கேதான் அதிகம். வால்வு உயர்ந்த வோல்டேஜில் கொஞ்சம் கரண்ட்டைத் தரும். ஸ்பீக்கருக்கு வேண்டியது குறைந்த வோல்டேஜில் நிறைய கரண்ட். நடுவில் நின்று இதை அதுவாக மாற்றுவது சுற்று விகிதம். 6வி6 தரவுத்தாளைப் பார்த்தால், இரண்டு வால்வுகள் புஷ்-புல் முறையில் 285 வோல்ட்டில் ஓடும்போது 8000 ஓம் சுமை கொடுத்தால் 14 வாட் கிடைக்கும் என்று போட்டிருக்கும். நம்மிடம் இருப்பதோ 8 ஓம் ஸ்பீக்கர். 8000ஐ 8ஆல் வகுத்தால் 1000. இம்பீடன்ஸ் விகிதம் சுற்று விகிதத்தின் வர்க்கம் என்பதால் 1000க்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 31.6. பிரைமரியில் 31.6 சுற்றுக்கு செகண்டரியில் 1 சுற்று. “8கே டிரான்ஸ்ஃபார்மர்” என்பதன் முழு ரகசியமும் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 8கே டிரான்ஸ்ஃபார்மருக்குள் எங்கேயும் கிடையாது. மீட்டரை வைத்து அளந்தால் கம்பியின் சில நூறு ஓம்தான் காட்டும். 8கே என்பது ஸ்பீக்கரின் நிழல். 8 ஓம் முனையில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அதே டிரான்ஸ்ஃபார்மர் 4கே ஆகிவிடும், 16 ஓம் மாட்டினால் 16கே. அந்த 8 ஓம் கூட ஒரு பெயரளவு எண்தான். கிடார் ஸ்பீக்கர் ஒன்றின் இம்பீடன்ஸ் அதன் ஒத்ததிர்வு அலைவெண் அருகே பல மடங்கு எகிறும், நடுவில் 8க்கு இறங்கும், மேலே போகப்போக மறுபடி ஏறும். ஆக, வால்வு ஒரு பாட்டு முழுவதிலும் சரியாக 8கே பார்க்கும் கணங்கள் மிகக் குறைவு. இது தெரிந்த பிறகு, 6.6கேயா 8கேயா என்று இரவெல்லாம் விவாதிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. 8கேக்கும் 3கேக்கும் உள்ள வித்தியாசம் வேறு விஷயம். அங்கே வால்வின் ஆயுளே மாறும்.

அடுத்தது இண்டக்டன்ஸ். தாழ்ந்த ஸ்வரங்கள் மெலியாமல் வர பிரைமரியில் போதிய ஹென்றி வேண்டும். எவ்வளவு? கிடாரின் கனத்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிரும். 80 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், 8000ஐ 2 பை பெருக்கல் 80ஆல் வகுக்க, கிட்டத்தட்ட 16 ஹென்றி. இசைத்தட்டு கேட்கும் ஹைஃபை ஆம்ப்புக்கு 20 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டும், அப்போது 64 ஹென்றி. நாலு மடங்கு. இரும்பு தெவிட்டாமல் இருப்பதற்கான கணக்கும் இப்படித்தான் போகிறது. 15 வாட் 8000 ஓமில் என்றால் 346 வோல்ட். 25 மில்லிமீட்டர் சதுரக் கோர், 1.2 டெஸ்லா, 80 ஹெர்ட்ஸ் என்று போட்டுப் பார்த்தால் பிரைமரிக்குச் சுமார் 1300 சுற்றுகள் போதும். அதையே 20 ஹெர்ட்ஸுக்குக் கேட்டால் சுற்றுகளை, அல்லது கோரின் குறுக்குப் பரப்பை, அல்லது இரண்டையும் சேர்த்து நாலு மடங்காக்க வேண்டும். எடையும் விலையும் அங்கே எகிறுவதற்குக் காரணம் இதுதான். கிடார் ஸ்பீக்கர் மேல்பக்கம் 5000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் தானாகவே படுத்துவிடும். அப்படியிருக்க, 20,000 ஹெர்ட்ஸ் வரை நேர்கோடு போடும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கிடாருக்கு வாங்குகிறவர் வயலுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போகிறார். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாற்று அதனால் நன்றாக வளரப் போவதில்லை.

இப்போது எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். “பழைய ஃபெண்டர், பழைய மார்ஷல் சத்தம் அந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மர்லதான் இருக்கு.” சரி, அந்தப் பழைய கதையையே பார்ப்போம். 1962இல் மேற்கு லண்டனில் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், தன் ரிப்பேர்க்காரர் கென் பிரானையும் டட்லி கிரேவன் என்ற இளைஞரையும் வைத்துக்கொண்டு ஃபெண்டரின் பாஸ்மேன் 5எஃப்6-ஏ ஆம்ப்பை நகலெடுத்தார். அமெரிக்காவிலிருந்து வரும் ஃபெண்டர் அங்கே யானை விலை. நகலெடுத்தவர்கள் ஃபெண்டர் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடி அலையவில்லை. ரேடியோஸ்பேர்ஸ் என்ற உதிரிபாக வியாபாரியின் பட்டியலில் இருந்த, எவரும் வாங்கக்கூடிய பொது உபயோக அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டார்கள். ஜேடிஎம்45 பிறந்தது அப்படித்தான். 1966இல் ஜான் மேயலுடன் எரிக் கிளாப்டன் வாசித்த இசைத்தட்டு வந்து உலகமே அந்தச் சத்தத்தைக் கேட்டது. மார்ஷலுக்குப் பின்னாளில் டிரேக், டாக்னால் என்று வேறு கம்பெனிகள் சுற்றிக் கொடுத்தன. இன்று அந்த ரேடியோஸ்பேர்ஸ் கட்டி ஒரு புனிதப் பொருள். அசலுக்கு நகை விலை, நகலுக்கு வெள்ளி விலை.

இதில் எனக்கு விளங்காதது ஒன்று. அந்த மூன்று பேரும் செய்தது எதை? கைக்குக் கிடைத்ததில் தேவைக்குப் பொருந்துவதை எடுத்தார்கள். அவர்களை வழிபடுகிறவர் செய்வது எதை? அறுபது வருடத்துக்கு முன்னால் இன்னொருவர் ஊரில் கைக்குக் கிடைத்த பொருளை, தன் ஊரில் கிடைக்காத பொருளை, கடல் தாண்டி வரவழைக்கிறார். குருவைப் போலச் சிந்திப்பதை விட்டுவிட்டு குரு போட்டிருந்த செருப்பைத் தேடுகிறார். தவிர, மார்ஷல் மாற்றியது டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் இல்லை. முதல் கட்டத்தில் 12ஏஒய்7 இருந்த இடத்தில் அதைவிட அதிகம் பெருக்கும் ஈசிசி83 வந்தது. வெளியீட்டு வால்வு சீக்கிரமே கேடி66 ஆனது. திறந்த முதுகுள்ள பெட்டிக்குப் பதில் மூடிய பெட்டி, அதில் செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் நான்கு. இத்தனையும் ஒரே நேரத்தில் மாறிய பிறகு, சத்தத்தின் வித்தியாசத்தை எடுத்து டிரான்ஸ்ஃபார்மர் தலையில் மட்டும் கிரீடமாக வைப்பது எந்த நியாயம்? நான் சம்பளம் வாங்கும் மென்பொருள் தொழிலில், ஐந்து மாற்றங்களை ஒரே நாளில் ஏற்றிவிட்டு வேகம் கூடியதற்கு ஐந்தாவது மாற்றம்தான் காரணம் என்று ஒருவர் சொன்னால் அவரைக் கூட்டத்தில் பேச விடமாட்டார்கள்.

இதே பிரிட்டனில், இதற்கு 15 வருடம் முன்னால், வேறொரு மரபும் இருந்தது. 1947இல் டி.டி.என். வில்லியம்சன் என்ற பொறியாளர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் ஒரு ஹைஃபை ஆம்ப்பின் வடிவமைப்பை வெளியிட்டார். வால்வு ஆம்ப் வரலாற்றில் பல வீடுகளில் பல கைகள் கட்டிய சர்க்யூட் அது. அதன் உயிரே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான். அவர் அதற்கு எண்களைக் கொடுத்தார். பிரைமரி இண்டக்டன்ஸ் குறைந்தது 100 ஹென்றி, சுமை இவ்வளவு, கம்பியைப் பகுதி பகுதியாக இப்படிப் பிரித்துச் சுற்ற வேண்டும் என்று எழுதினார். எந்த ஊரில் இருக்கிறவரும் அந்தத் தாளைக் கொண்டுபோய்ச் சுற்றிக்கொள்ளலாம். எனக்கு மரியாதை இந்த மரபின் மீது. ரகசியம் என்று எதையும் பொத்தி வைக்காமல் வாசகனைச் சமமாக நடத்திய எழுத்து அது.

“அப்ப என் காது பொய் சொல்லுதா?” என்று கேட்பார்கள். சொல்லவில்லை. இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்களை மாற்றி மாற்றிப் போட்டால் வித்தியாசம் கேட்கத்தான் செய்யும். சின்னக் கோர் சீக்கிரம் தெவிட்டும், கனத்த தந்தியை ஓங்கி அடித்தால் அடிச்சத்தம் நசுங்கும். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே கசியும் இண்டக்டன்ஸ் கூடினால் மேல் ஸ்வரங்கள் மங்கும். சுற்றுகளுக்கிடையே ஒட்டியிருக்கும் கெபாசிட்டன்ஸும் அப்படித்தான். இவை எல்லாமே அளக்கக்கூடியவை, எல்லாமே எண்கள். “இதமான நடுச்சுரம்”, “மலரும் உச்சஸ்தாயி” என்று விளம்பரத்தில் எழுதுகிறவர்கள் அந்த எண்களை ஏன் எழுதுவதில்லை என்பதுதான் கேள்வி. எண்களை வெளிப்படையாகத் தருகிற கம்பெனிகளும் இருக்கின்றன. கனடாவின் ஹாமண்ட் தன் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் தரவுத்தாள் வைத்திருக்கிறது. 15 வாட் புஷ்-புல்லுக்கான அவர்களுடைய 125ஈ ஒன்றை வாங்கினால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம். காசு இருந்தால் தாராளமாக வாங்குங்கள். பெயருள்ள கம்பெனிகள் மீது எனக்குக் கோபம் இல்லை. பெயரைத் தவிர வேறெதையும் சொல்லாமல் விற்பதும், அதையும் கேள்வி கேட்காமல் வாங்குவதும்தான் கோபம்.

இனி யாரும் பேசாத பவர் டிரான்ஸ்ஃபார்மர்.

பழையதை அச்சு அசலாக நகலெடுத்த பவர் டிரான்ஸ்ஃபார்மர்களில் சில அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பிரைமரி 120 வோல்ட்டுக்குள். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். “ஸ்டெப்டவுன் வச்சுக்கிட்டா போச்சு” என்பார்கள். ஸ்டெப்டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும், அலைவெண்ணைத் தொடாது. அதே வோல்டேஜில் அலைவெண் 60இலிருந்து 50க்கு இறங்கினால் கோரில் ஓடும் காந்தப் பாயம் 20 சதவீதம் கூடும். 1.4 டெஸ்லாவில் இறுக்கமாகக் கணக்குப் போட்டுச் செய்த கோர் 1.68க்குப் போய்விடும். இரும்பு அங்கே தெவிட்டத் தொடங்கும் எல்லை. சும்மா இருக்கும்போதே கொதிக்கும், உறுமும். என் நண்பர் ஒருவர் இப்படி ஒன்றை வரவழைத்து, சுங்கமும் கட்டி, ஒரு வாரம் ஓட்டினார். இரும்பு கனமான சரக்கு, கப்பல் கூலி கிலோ கணக்கில் ஏறும். மூடியின் மீது கையை வைத்தால் எடுத்துவிட வேண்டும், அந்தச் சூடு. வார்னிஷ் வாடை வீடு முழுவதும். அவர் அதை “பழைய ஆம்ப் வாசனை” என்று ரசித்துக்கொண்டிருந்தார். 50 ஹெர்ட்ஸுக்கும் 230 வோல்ட்டுக்கும் சேர்த்தே செய்கிறவர்களும் உண்டு, அட்டையில் அது போட்டிருக்கும். இல்லாவிட்டால் வாங்காதீர்கள். இதில் எந்தக் காதும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வோல்டேஜின் மெய்யான அளவு. 5ஈ3க்கு வழக்கமாகக் கேட்பது 325-0-325 வோல்ட். அது ஆர்எம்எஸ் அளவு. உச்சம் 460 வோல்ட். 5ஒய்3 ரெக்டிஃபையர், கரண்ட் ஓடும்போது தானும் கணிசமாக வோல்டேஜைத் தின்று, கடைசியில் 360க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும். “5ஒய்3 எதுக்கு, ரெண்டு சிலிக்கான் டயோடு போதும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றினால், ஸ்விட்ச் போட்ட அந்த நொடியிலேயே முழு 460 வோல்ட்டும் முதல் கெபாசிட்டரின் மீது விழும், ஏனென்றால் கரண்ட் இழுக்க வேண்டிய வால்வுகள் இன்னும் குளிர்ந்து கிடக்கின்றன. சர்க்யூட்டில் போட்டிருப்பது 450 வோல்ட் கெபாசிட்டர். இதோடு நம் மின்சாரத்தின் குணமும் சேரும். என் வீட்டில் மாலை ஏழு மணிக்கு 210 பார்த்திருக்கிறேன், நடுராத்திரியில் 245. 230க்கு 6.3 வோல்ட் தரும் ஹீட்டர் சுருள் 245இல் 6.7 தரும், 360 வோல்ட் 383 ஆகும். 6வி6 வால்வின் பழைய தரவுத்தாள் பிளேட்டுக்கு 315 வோல்ட்தான் அனுமதிக்கிறது என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன். ஃபெண்டரே அதை மீறித்தான் ஓட்டியது. அதற்கு மேலும் நாம் மீற வேண்டுமா? பிரைமரியில் 230, 250 என்று இரண்டு முனைகள் எடுத்துவிட்டால் தீர்ந்தது. சில மீட்டர் கம்பிதான் அதிகம் செலவாகும். தொட்டால் வாத்தியம் மூச்சு விடுவது போல இருக்கிறது என்று கிடார்காரர்கள் சொல்வார்களே, ஓங்கி அடித்தால் சத்தம் ஒரு கணம் அமுங்கி எழுவது, அதுவும் பெருமளவுக்கு இந்தப் பக்கத்து வேலைதான்: 5ஒய்3, பவர் டிரான்ஸ்ஃபார்மர் கம்பியின் ரெசிஸ்டன்ஸ், 16 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள். அதற்கான புகழையும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே வாங்கிக்கொள்கிறது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சத்தம் இல்லை. கிடாரின் தந்திகள் ஆம்ப்பின் சேஸிஸோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. இரைச்சல் குறைய அப்படித்தான் செய்தாக வேண்டும். அதாவது பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குள் பிரைமரிக்கும் கோருக்கும் நடுவே இருக்கும் காகிதம் ஓரிடத்தில் கிழிந்தால், சேஸிஸ் எர்த் செய்யப்படாமல் இருந்தால், வீட்டு மின்சாரம் நேராக வாசிக்கிறவரின் இடது கை விரல்களுக்கு வருகிறது. உதட்டருகே எர்த் ஆன மைக் ஒன்று இருந்தால் சுற்று முழுமையாகிவிடும். 1972இல் ஸ்வான்சியில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப், வீட்டில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தபோது அப்படியே இறந்தார். பழைய அமெரிக்க ஆம்ப்கள் பலவற்றில் இரண்டு முள் பிளக்தான், எர்த் கிடையாது. போதாததற்கு உறுமலைக் குறைக்க மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கெபாசிட்டர். ரிப்பேர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயரே ‘எமன் கெபாசிட்டர்’ என்கிற அர்த்தத்தில்தான். அச்சு அசல் வேண்டும் என்கிற ஆசையில் இதையும் சேர்த்து நகலெடுத்த ஆம்ப் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டெப்டவுன் பெட்டிகளில் பல இரண்டு முள் ஓட்டையோடுதான் வருகின்றன. மூன்று முள் பிளக்கை அதில் செருக ஒரு அடாப்டர் போடுவார்கள், எர்த் அங்கேயே அறுந்துவிடும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் காகிதம் 1957ஆம் வருடத்துக் காகிதமா என்று விசாரிக்கிறவர், பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காகிதம் எத்தனை வோல்ட் தாங்கும் என்று ஒரு தடவைகூட விசாரிக்காமல் இருப்பது என்ன மாதிரி ரசனை?

பெயர் வழிபாட்டின் இன்னொரு பலி, நம் ஊர் வைண்டிங்காரர். “லோக்கல்ல சுத்தினா வராது சார்” என்று ஒரே வாக்கியத்தில் அவரைத் தள்ளிவிடுகிறார்கள். சென்னையில் ரிச்சி தெருவைச் சுற்றிய சந்துகளிலும், மதுரை, கோவை போன்ற ஊர்களின் மோட்டார் ரீவைண்டிங் கடைகளிலும், ஸ்டெபிலைசருக்கும் பேட்டரி சார்ஜருக்கும் சுற்றிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய மைக் செட்காரர்கள் ஒரு காலத்தில் வைத்திருந்தவை வால்வு ஆம்ப்கள். அவை எரிந்தபோது அமெரிக்காவுக்கா அனுப்பினார்கள்? இங்கேதான் சுற்றினார்கள், மறுநாள் பாட்டு ஓடியது. அப்படிப்பட்ட குடும்பத்தில் இரண்டாம் தலைமுறைக்காரர் ஒருவரிடம் நான் முதலில் போனது, ஒரே ஒரு 6வி6 வைத்த சிறிய ஆம்ப்புக்காக. தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இது சிங்கிளா, புஷ்புல்லா சார்?”

“சிங்கிள்ண்ணே. டிசி 45 மில்லி ஆம்பியர் ஓடும்.”

“அப்ப ஈ ஒரு பக்கம், ஐ ஒரு பக்கமா வச்சு நடுவுல பேப்பர் குடுக்கணும். எல்லாரும் மாத்தி மாத்தி அடுக்கிட்டுப் போயிடுவானுங்க, கோர் அடைச்சுக்கும். எங்கப்பா ரேடியோவுக்குச் சுத்தறப்ப லெதராய்டு பேப்பர் வப்பாரு.”

காற்று இடைவெளி பற்றிய பாடப்புத்தகப் பத்தி ஒன்று முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களில் இருக்கிறது. ஒற்றை வால்வு ஆம்ப்பில் டிசி ஒரே திசையில் ஓடி இரும்பைப் பாதி நிரப்பிவிடும், அதனால் இடைவெளி வேண்டும். புஷ்-புல்லில் இரண்டு பக்க டிசியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், இடைவெளி வைத்தால் இண்டக்டன்ஸ்தான் வீணாகக் குறையும். அவருக்கு இது தெரியும். வாடிக்கையாளர் தாளைக் கொண்டுவந்ததால் அதைச் சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. “ஃபெண்டர் மாதிரி ஒண்ணு சுத்திக் குடுங்க” என்று போயிருந்தால் அவர் என்ன செய்வார் பாவம்? ஸ்டெபிலைசர் மாதிரிதான் சுற்றிக் கொடுப்பார். தேவை என்ன என்று எழுதித் தராமல், வந்ததைப் பார்த்துவிட்டு “நான் நினைச்சது இது இல்ல” என்று சொல்லும் வாடிக்கையாளரை என் தொழிலிலும் தினம் பார்க்கிறேன். எல்லா வைண்டிங்காரரும் இவர் மாதிரி என்று சொல்லவில்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்த ஸ்டாம்பிங்கையே மறுபடி அடுக்குகிறவர்கள் உண்டு, அடுக்குக்கு நடுவே காகிதமே வைக்காதவர்களும் உண்டு. தாளோடு போனால் அதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது.

5ஈ3க்கு நான் கொடுக்கும் தாள் இப்படி இருக்கும். பவர்: பிரைமரி 0-230-250, 50 ஹெர்ட்ஸ். செகண்டரி 325-0-325 வோல்ட், 120 மில்லி ஆம்பியர். ரெக்டிஃபையருக்கு 5 வோல்ட் 2 ஆம்பியர் தனியாக. ஹீட்டருக்கு 6.3 வோல்ட் 2 ஆம்பியர், நடு முனையோடு. நான்கு வால்வுகளும் சேர்ந்து 1.5 ஆம்பியர்தான் இழுக்கும். “இருக்கட்டுமே” என்று 5 ஆம்பியர் கேட்டால் சுமை குறைந்து வோல்டேஜ் 6.3ஐத் தாண்டி நிற்கும், தாராளம் இங்கே நல்லதில்லை. மொத்தம் 80 விஏ. கெபாசிட்டர் துடிப்புத் துடிப்பாக இழுப்பதால், கணக்கில் வரும் 50 சொச்சம் வாட்டுக்கு மேல் இந்தத் தாராளம் மட்டும் வேண்டும். பிரைமரிக்கு மேல் செப்புத் தகடு ஒரு சுற்று, முனைகள் ஒன்றையொன்று தொடாமல், அதிலிருந்து எர்த் கம்பி. தொட்டுவிட்டால் அது ஷார்ட்டான ஒரு சுற்றாகி டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகும் என்பதால் இதைச் சிவப்பு மையில் எழுதுவேன். பிரைமரிக்கும் கோருக்கும், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் 2000 வோல்ட் சோதனை. அவுட்புட்: 8000 ஓம், நடு முனை, செகண்டரி 8 ஓம். 80 ஹெர்ட்ஸில் 15 வாட். புஷ்-புல், மாற்றி மாற்றி அடுக்கியது, இடைவெளி வேண்டாம். பாதி பிரைமரி, அதன் மேல் செகண்டரி, அதன் மேல் மீதிப் பிரைமரி. ஒவ்வொரு அடுக்குக்கும் காகிதம். வார்னிஷில் முக்கிக் காயவைத்தது.

வாங்கப் போகும்போது பையில் ஒரு மல்டிமீட்டரும் 1 வோல்ட் ஏசி தரும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கட்டும், கடையில் மெக்கர் இருக்கும். பவர் டிரான்ஸ்ஃபார்மரை அவர் மேஜையிலேயே 100 வாட் குண்டு பல்ப் ஒன்றின் வழியாக மெயின்ஸில் போடச் சொல்லுங்கள், செகண்டரி முனைகள் எதிலும் படாமல். பல்ப் ஒரு கணம் மினுங்கி அணைந்தால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பல்பை எடுத்துவிட்டு அரை மணி நேரம் ஓடட்டும், டீ குடித்துவிட்டு வந்து தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கொதிக்கக் கூடாது. பிறகு மெயின்ஸிலிருந்து கழற்றி, மெக்கரை வைத்து பிரைமரிக்கும் கோருக்கும் நடுவே பாருங்கள், முள் மெகா ஓம் கடைசியில் நிற்க வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் 8 ஓம் முனையில் அந்த 1 வோல்ட்டைக் கொடுங்கள். பிரைமரியின் இரு கோடிகளுக்கு நடுவே 31.6 வோல்ட், நடு முனையிலிருந்து பக்கத்துக்கு 15.8. ஒரு பக்கம் 15, இன்னொரு பக்கம் 16.5 என்று வந்தால் சுற்றை எண்ணாமல் விட்டிருக்கிறார், திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, கம்பிகளின் நிறத்தை அந்தத் தாளிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள்.